ஒன்பதாவது கேள்விக்குப் பிறகு

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியது. பி.பி. பார்க்கும் கருவியையும் சர்க்கரை பார்க்கும் கருவியையும் எடுத்துக்கொண்டு பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போனார்கள். திண்ணையில் உட்கார்ந்தே பரிசோதனை நடந்தது, மாத்திரையும் கைக்கு வந்தது. ஆஸ்பத்திரிக்கு வராதவரைத் தேடிப் போகும் இந்த ஏற்பாடு, அதே மாவட்டத்தின் தென்மேற்கு ஓரத்தில் கர்நாடக எல்லையை ஒட்டிக் கிடக்கும் அஞ்செட்டிக்கு எவ்வளவு தேவை என்பது அந்தப் பக்கம் போய்வந்தவர்களுக்குத் தெரியும். தேன்கனிக்கோட்டையிலிருந்து காட்டுக்குள் புகுந்து போகும் சாலை, யானை நடமாட்டம், கேழ்வரகுக் கொல்லைகள், மலையில் சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள். ஒரே பஸ்ஸில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கேட்கும். இளவயதுக்காரர்களில் பலர் ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

பி.பி.யை வீட்டு வாசலிலேயே பார்க்க முடிகிறது என்றால், உயிரை விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவரையும் அப்படியே கண்டுபிடிக்க முடியாதா? முட்டி வலி என்று ஓ.பி. சீட்டு வாங்கி நிற்பவரிடம் ஒரு தாளை நீட்டி, நாலு கேள்விக்கு டிக் போடச் சொல்லி, ஆபத்தில் இருப்பவரைத் தனியே பிரித்தெடுக்க முடியாதா?

ஆசை நியாயமானது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். அவர்களில் 19,834 பேர் தமிழ்நாட்டினர். லட்சம் பேருக்கு நாட்டின் சராசரி 12.4, தமிழ்நாட்டில் 25.9. இது போலீஸ் பதிவிலிருந்து வரும் கணக்கு. வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியினர் ஒவ்வொரு மரணத்துக்கும் வீட்டுக்கே போய் விசாரித்துக் காரணம் பதிவு செய்துவந்தார்கள். 1994 முதல் 1999 வரையிலான அந்தப் பதிவில் தற்கொலை விகிதம் லட்சத்துக்குச் சுமார் 95 என்று வந்தது. கிராமத்தில் நடப்பதில் எவ்வளவு காகிதத்துக்கு வராமலே போகிறது என்பதற்கு இந்த ஓர் எண் போதும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தை நம்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தற்கொலையால் இறந்தவர்கள் கடைசியாக எந்த டாக்டரிடம் போனார்கள் என்று தேடிய 40 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பு ஒன்று 2002இல் வந்தது. பெரும்பாலும் மேலைநாட்டு ஆய்வுகள். இறந்தவர்களில் ஏறத்தாழ 45 சதவீதம் பேர், இறப்பதற்கு முந்தைய ஒரு மாதத்துக்குள் ஒரு பொது மருத்துவரைப் பார்த்திருந்தார்கள். மனநல மருத்துவரைப் பார்த்தவர்கள் ஐந்தில் ஒருவர்தான். அவர்கள் வந்தார்கள், வேறு எதையோ சொன்னார்கள், மருந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

உலகெங்கும் பொது மருத்துவர்கள் இதற்கு அதிகம் கையாளும் தாள் பி.எச்.க்யூ-9. ராபர்ட் ஸ்பிட்சர், ஜேனட் வில்லியம்ஸ், கர்ட் குரோன்கே ஆகியோர் அமெரிக்காவில் உருவாக்கியது. 2001இல் வெளியானது. ஒன்பது கேள்விகள், எல்லாமே கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியவை. எதிலும் ஆர்வமில்லாமை, மனம் சோர்ந்திருத்தல், தூக்கம், அசதி, பசி, தன்மேலேயே வெறுப்பு, கவனம் நிற்காமை, நடையிலும் பேச்சிலும் வந்த மாற்றம். கடைசியில் ஒன்பதாவது கேள்வி: செத்துப்போயிருந்தால் நன்றாக இருக்குமே என்றோ, தன்னைத் தானே ஏதாவது செய்துகொள்ளலாம் என்றோ தோன்றியதா? ஒவ்வொன்றுக்கும் ‘இல்லவே இல்லை’ முதல் ‘அநேகமாகத் தினமும்’ வரை 0, 1, 2, 3 என்று மதிப்பெண். மொத்தம் 27. 10ஐத் தொட்டாலோ தாண்டினாலோ மனச்சோர்வு நோய் இருக்கலாம் என்று பொருள்.

இந்தத் தாள் நல்லதா என்று எப்படிச் சோதித்தார்கள்? 6,000 நோயாளிகளிடம் தாளைக் கொடுத்தார்கள். அவர்களில் 580 பேரிடம், தாளில் என்ன எழுதினார்கள் என்பதை அறியாத மனநலப் பணியாளர் ஒருவர் தனியே பேசி, மனச்சோர்வு நோய் இருக்கிறதா என்று முடிவு செய்தார். பிறகு இரண்டையும் ஒப்பிட்டார்கள். நோய் உள்ளவர்களில் 88 சதவீதத்தினரைத் தாள் பிடித்தது. நோய் இல்லாதவர்களில் 88 சதவீதத்தினரைச் சரியாக விட்டுவிட்டது. மிக நல்ல தேர்ச்சி. ஆனால் அந்தத் தேர்ச்சி எதற்கு என்பதைக் கவனிக்க வேண்டும். மனச்சோர்வைக் கண்டறிவதில் அது தேறியது. யார் உயிரை மாய்த்துக்கொள்வார் என்று முன்கூட்டிச் சொல்வது வேறு பரீட்சை. அதை அன்று யாரும் வைக்கவில்லை. தாளின் கடைசியில் சாவைப் பற்றிய கேள்வி ஒன்று இருக்கிறது என்பதாலேயே, தற்கொலை அபாயத்தை அளக்கும் கருவியாகவும் அது பழக்கத்தில் ஏறிவிட்டது.

அந்தப் பரீட்சையைப் பிறகு வைத்தவர் சியாட்டில் நகரத்து மனநல ஆய்வாளர் கிரிகரி சைமன். 84,418 நோயாளிகள் நிரப்பிய இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தாள்களை எடுத்து, அடுத்த ஓராண்டில் அவர்களுக்கு என்ன ஆனது என்று மருத்துவமனை, இறப்புப் பதிவேடுகளில் தேடினார். 2013இல் முடிவு வந்தது. ஒன்பதாவது கேள்விக்கு ‘இல்லவே இல்லை’ என்றவர்களில் ஆயிரத்துக்கு நாலு பேர் ஓராண்டுக்குள் தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள். ‘அநேகமாகத் தினமும்’ என்றவர்களில் நூற்றுக்கு நாலு பேர். பத்து மடங்கு வேறுபாடு. இறப்பிலும் அதே பத்து மடங்குதான், 0.03 சதவீதத்திலிருந்து 0.3 சதவீதம். ஆக, அந்தக் கேள்வியைச் சடங்கென்று ஒதுக்க முடியாது. மனிதர்கள் தாளில் உண்மை எழுதுகிறார்கள்.

அதே எண்களை மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். தினமும் சாவை நினைப்பதாக எழுதியவர்களிலேயே நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் அந்த ஆண்டில் எந்த முயற்சியும் செய்யவில்லை. 2016இல் அதே குழு இன்னும் பெரிய தொகுப்பில் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. தாள் நிரப்பிய 30 நாளுக்குள் நேர்ந்த தற்கொலை மரணங்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேல், ‘இல்லவே இல்லை’ என்று டிக் போட்டவர்களுடையவை. என்னை அதிகம் பாதிப்பது இந்த எண்தான். டாக்டர் தாளைப் பார்த்திருப்பார், பூஜ்யம் என்று கண்டிருப்பார், அடுத்தவரைக் கூப்பிட்டிருப்பார். அவர்மீது தவறு சொல்ல எதுவுமே இல்லை.

இதற்கு அடியில் ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் இந்தத் தாள்களை மதிப்பிடவே முடியாது. மலைப்பகுதியில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 20,000 பேர் என்பது அரசு வகுத்த அளவு. தமிழ்நாட்டுச் சராசரிப்படி அந்த 20,000 பேரில் ஆண்டுக்கு ஐந்து பேர் தற்கொலையால் இறக்கக்கூடும். இப்போது, இதுவரை யாரும் செய்திராத அளவுக்கு அருமையான ஒரு வினாத்தாள் நம்மிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்தில் நாலு பேரை அது பிடித்துவிடும். ஆபத்தில்லாதவர்களில் பத்தில் ஒன்பது பேரைச் சரியாக விட்டுவிடும். 20,000 பேரிடமும் கொடுக்கிறோம். ஆபத்து என்று தாள் காட்டுவோர் எத்தனை பேர்? உண்மையில் ஆபத்தில் இருக்கும் நாலு பேர். அவர்களோடு, மீதமுள்ள 19,995 பேரில் பத்தில் ஒரு பங்கு, சுமார் 2,000 பேர். அதாவது ஐந்நூறு பேரைத் தாள் சுட்டிக்காட்டினால் அவர்களில் ஒருவர்தான் நாம் தேடியவர். தாளில் குற்றமில்லை. தேடும் நிகழ்வு அத்தனை அரிதானது என்பதால் வரும் விளைவு. கேள்விகளை எவ்வளவு செதுக்கினாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது.

கற்பனைக் கணக்கில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு அலெக்ஸ் போகோர்னி செய்த வேலை இருக்கிறது. ஹூஸ்டன் நகரத்து முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் மனநலச் சிகிச்சைக்குச் சேர்ந்த 4,800 பேரை அவர் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார். 1983இல் முடிவை வெளியிட்டார். அத்தனை அளவீடுகளையும் ஒன்றுசேர்த்து 803 பேர் ஆபத்தில் இருப்பதாகக் கணித்தது அவருடைய முறை. அந்த 4,800 பேரில் 67 பேர் தற்கொலையால் இறந்தார்கள். 803 பேருக்குள் இருந்தவர்கள் 30 பேர். மீதி 37 பேர், ஆபத்தில்லை என்று ஒதுக்கப்பட்ட கூட்டத்தில் இருந்தார்கள். நாற்பதாண்டுக்கும் மேலாகிவிட்டது. 2017இல் 365 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த ஃபிராங்க்ளின் குழுவினரும், நம்முடைய கணிப்புகள் பூவா தலையா போடுவதைவிடச் சற்றே மேல் என்றார்கள். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது: தன்னைக் காயப்படுத்திக்கொண்டு வருபவரிடம் எதிர்காலத்தைக் கணிக்க இந்தத் தாள்களைப் பயன்படுத்தாதீர்கள், யாருக்குச் சிகிச்சை, யாருக்கு வேண்டாம் என்று தீர்மானிக்கவும் பயன்படுத்தாதீர்கள். அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு, 2023இல், பெரியவர்கள் எல்லோரிடமும் மனச்சோர்வுக்குக் கேட்கலாம் என்று பரிந்துரைத்தது. தற்கொலை அபாயத்துக்கென்று எல்லோரையும் சோதிப்பதற்குச் சான்று போதாது என்றது.

இவை எல்லாம் மேலைநாட்டு முடிவுகள். நம்மூரில் சிக்கல் இன்னும் ஒரு படி ஆழமாக இருக்கிறது.

சென்னையில் 1986இல் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார், தற்கொலையால் இறந்த 100 பேரின் குடும்பங்களைச் சந்தித்துச் செய்த ஆய்வு 1999இல் வந்தது. அவர்களில் 88 பேருக்கு ஏதாவது ஒரு மனநோய் இருந்ததாக அது கண்டது. சி.எம்.சி. குழுவினர் கிராமப்புறத்தில் அதேபோல 100 பேரைப் பற்றி விசாரித்து 2010இல் வெளியிட்டது வேறு மாதிரி இருந்தது. மனநோய் என்று பெயர் சொல்லத்தக்க நிலை 37 பேருக்குத்தான். அதிலும் குடிநோய் 16, வாழ்க்கை நெருக்கடிக்கு ஈடுகொடுக்க முடியாமல் வரும் மனத்தடுமாற்றம் 15. கடுமையான மனச்சோர்வு நோய் வெறும் 2. இவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக்காட்டியவை, தீராத நெருக்கடி, விடாத உடல்வலி, தனியே வாழ்வது, நெருங்கிய உறவு ஒன்று அந்த ஆண்டில் முறிந்துபோனது. இரண்டு ஆய்வுகளின் இடமும் வேறு, முறையும் வேறு. எது சரி என்று இங்கே தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. கிராமத்துப் படம் பாதியளவு உண்மையாக இருந்தாலும்கூட, மனச்சோர்வைத் தேடுவதற்காகச் செய்த ஒரு தாள், மனச்சோர்வே இல்லாமல் கடனாலும் குடியாலும் சண்டையாலும் வலியாலும் விளிம்புக்கு வந்து நிற்பவரை எப்படிக் காணும்?

வயதும் பாலும் இதில் சேர்கின்றன. கணியம்பாடியில் 10 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களை மட்டும் பார்த்த ஆய்வு 2004இல் வந்தது. பெண்பிள்ளைகளில் லட்சத்துக்கு 148, பையன்களில் 58. படிக்கிற எவரையும் உலுக்கும் எண்கள். அந்த வயதுப் பெண் தனியாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவதே அபூர்வம். வந்தால் அம்மாவோடு வருவாள். கல்யாணம் ஆகியிருந்தால் மாமியாரோடு. ஆண்களின் கதை வேறு. 2022இல் நாட்டில் தற்கொலையால் இறந்தவர்களில் 71.8 சதவீதம் ஆண்கள். மொத்தத்தில் நாலில் ஒருவருக்கு மேல் தினக்கூலி. காலையில் ஓ.பி. நடக்கும் நேரத்தில் அந்த மனிதர் ஓசூரில் ஷிப்டிலோ பெங்களூரில் சாரத்தின்மேலோ இருப்பார். தாள் எவ்வளவு துல்லியமானது என்ற கேள்விக்கு முன்னால், அது யார் கைக்குப் போய்ச் சேரவே போவதில்லை என்ற கேள்வி நிற்கிறது.

பி.பி. பட்டையைக் கையில் சுற்றினால் எண் வந்துவிடுகிறது. அந்த எண்ணுக்கு வெட்கம் கிடையாது. பக்கத்தில் மாமியார் நிற்பது அதற்குத் தெரியாது. நோயாளி தானே நிரப்பும் தாளுக்கு இவை எல்லாமே தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். வாசிப்பவர் துணைக்கு வந்த மகனாக இருந்தால் ஒன்பதாவது கேள்விக்கு என்ன பதில் வரும்? வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசிக்கொண்டு பள்ளியில் மட்டும் தமிழ் படித்தவருக்கு, ‘கடந்த இரண்டு வாரங்களில் பாதிக்கும் மேற்பட்ட நாட்கள்’ என்ற கட்டம் என்ன சொல்லும்? தோன்றினால் தோன்றிய நாள்தான் நினைவிருக்கும். அதை நாலு கட்டத்தில் ஒன்றில் அடைப்பது படித்தவருக்கே கடினம். சென்னையில் நடந்த ‘க்யூர்ஸ்’ ஆய்வில் இந்தத் தாளின் ஒன்பது கேள்விகளைப் பன்னிரண்டாக்கி, நம் மக்களுக்கு ஏற்றபடி மாற்றி 25,455 பேரிடம் கேட்டார்கள்; 15.1 சதவீதம் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறி தெரிந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் எஸ்.ஆர்.க்யூ-20 என்ற தாள் இன்னும் எளிது: இருபது கேள்விகள், ஆம் அல்லது இல்லை. தலைவலி, தூக்கம், செரிமானம் என்று உடம்பிலிருந்து தொடங்கும். உயிரை விடும் எண்ணம் வந்ததா என்பதும் அதில் உண்டு. கோவாவில் ஆரம்ப நிலை மருத்துவமனைகளுக்கு வந்த 598 பேரிடம் ஐந்து தாள்களைப் போட்டிக்கு விட்ட விக்ரம் படேல் குழுவினரின் 2008 ஆய்வில், சிறப்பாகத் தேறிய இரண்டில் எஸ்.ஆர்.க்யூ. ஒன்று. அஞ்செட்டிக்கு ஒரு தாளைத் தேர்ந்தெடு என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். அதையும் சுகாதார நிலையத்தின் செவிலியரே, தனி அறையில், நோயாளியின் மொழியில் வாய்விட்டுக் கேட்க வேண்டும் என்பேன்.

ஒன்பதாவது கேள்வியிலேயே ஒரு கோளாறு உண்டு. செத்தால் தேவலை என்ற சலிப்பையும், உயிரை விட்டுவிடலாம் என்ற முடிவையும் ஒரே மூச்சில் கேட்கிறது. ‘என்னைக் கூட்டிட்டுப் போகக் கூடாதா சாமி’ என்று மூட்டுவலியோடு புலம்பும் எழுபது வயதுப் பாட்டியும், நேற்று இரவு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த மருமகளும் ஒரே கட்டத்தில் டிக் போடுவார்கள். இருவரையும் கவனிக்க வேண்டும், ஆனால் ஒரே விதமாக அல்ல. நேரில் கேட்பவரால் இதைப் பிரிக்க முடியும். ‘அக்கா, ராத்திரி தூக்கம் வருதா? வாழ்க்கையே வேணாம்னு தோணுதா? உயிரை விட்டுடலாம்னு எப்பவாவது நினைச்சீங்களா? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கீங்களா? எது உங்களைத் தடுக்குது?’ ஒன்றிலிருந்து ஒன்றாகப் போகும் இந்த வரிசைக்கு ஐந்து நிமிடம் போதும்.

இப்படி நேராகக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிட மாட்டோமா? செவிலியர்களுக்கும் டாக்டர்களுக்கும் உள்ள உண்மையான பயம் இது. இதைச் சோதித்திருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் 2,342 பள்ளி மாணவர்களிடமும் (2005), இங்கிலாந்தில் பொது மருத்துவரிடம் வந்த, மனச்சோர்வு அறிகுறியுள்ள 443 நோயாளிகளிடமும் (2011), ஒரு பகுதியினரிடம் முதலிலேயே தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்டார்கள், மறுபகுதியினரிடம் கேட்கவில்லை. கேட்கப்பட்டவர்களுக்கு எண்ணம் கூடவில்லை. இன்னொரு பயம் போலீஸ் கேஸ். நோயாளி வாயைத் திறக்காததற்கும், வீட்டார் ‘தவறிப்போய் நடந்துடுச்சு’ என்று சொல்வதற்கும் நெடுங்காலம் காரணமாக இருந்தது அதுதான். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, முயன்றவர் கடும் மனநெருக்கடியில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவரைப் பராமரிப்பது அரசின் கடமை என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆவது பிரிவே இல்லை. இதை நோயாளியிடம் முதலிலேயே சொல்லிவிட்டுக் கேள்வியைத் தொடங்கினால், பதிலில் உண்மை கூடும் என்பது என் எண்ணம்.

நேரமும் ஒரு சிக்கல். தாள் இரண்டு வாரத்தைக் கேட்கிறது. எண்ணமோ மணிக்கணக்கில் ஏறி இறங்குகிறது. செல்போனில் ஒரு நாளைக்குப் பலமுறை கேட்டுப் பார்த்த 2017ஆம் ஆண்டின் ஓர் ஆய்வில், ஒரு நேரம் உச்சத்தில் இருந்த எண்ணம் சில மணி நேரத்தில் பெரிதும் தணிந்திருந்தது, மறுபடி எழுந்தது. ஆஸ்திரியாவில், முயன்று உயிர் பிழைத்த 82 பேரிடம் கேட்டபோது, ஏறத்தாழப் பாதிப்பேர், எண்ணம் தோன்றியதற்கும் செயலுக்கும் இடையில் பத்து நிமிடத்துக்கு மேல் இல்லை என்றார்கள். செவ்வாய்க்கிழமை ஓ.பி.யில் உண்மையாகவே ‘இல்லை’ என்று எழுதியவர், வெள்ளிக்கிழமை இரவுச் சண்டைக்குப் பிறகு வேறு மனநிலையில் இருப்பார். தாள் பொய் சொல்லவில்லை. அது செவ்வாய்க்கிழமையைப் பற்றிப் பேசியது.

இதைச் சொல்லும்போதே மறுபக்கமும் தெரிகிறது. அந்தச் சில நிமிடங்களைத் தாண்டிவிட்டால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். இலங்கை அரசு 1990களில் மிகக் கொடிய பூச்சிமருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தடைசெய்தது. 1995இல் லட்சத்துக்கு 47 ஆக இருந்த தற்கொலை விகிதம் 2005இல் 24 ஆனது. யார் ஆபத்தில் இருக்கிறார் என்று எந்தத் தாளும் கண்டுபிடிக்காமலேயே நடந்தது அது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கத்தில், விவசாயிகள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டிவைக்கும் பெட்டகங்களை லட்சுமி விஜயகுமார் குழுவினர் ஏற்படுத்திப் பார்த்தார்கள். மக்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

அப்படியானால் தாளைக் கிழித்துப் போட்டுவிடலாமா? கூடாது என்றே நினைக்கிறேன். மனநல மருத்துவர் தினமும் உட்காராத ஓர் ஊரில், பொறுப்பிலிருக்கும் இளம் டாக்டருக்கும் கிராம சுகாதார செவிலியருக்கும் இந்தப் பேச்சைத் தொடங்க ஒரு பிடிமானம் வேண்டும். ‘எல்லோரிடமும் கேட்பதுதான், உங்களிடமும் கேட்கிறேன்’ என்று சொல்லத் தாள் இடம் தருகிறது. கேட்க மறந்துபோவதைத் தடுக்கிறது. யாரைக் கேட்பது என்பதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் எம்.எச்.கேப் கையேடு சொல்லும் வழி கிராமத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது: மனநோய் உள்ளவர், குடிநோய் உள்ளவர், கடும் மனநெருக்கடியில் வருபவர், நாள்பட்ட வலியோடு வருபவர். சி.எம்.சி. குழுவினர் கண்ட வலிதான் இங்கேயும் வந்து நிற்கிறது. வலி மாத்திரைக்கு மாதா மாதம் வரும் முகங்கள் எந்தச் செவிலியருக்கும் தெரிந்த முகங்கள்தான்.

எந்தத் தாளானாலும் அதன் பலன், பதில் வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது. இதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரைச் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து ஊர்களில் சேர்த்து, உலக சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வு நடத்தியது. பாதிப்பேருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றப் பாதிப்பேருக்கு அதோடு சேர்த்து, வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு மணி நேரப் பேச்சு. பிறகு பதினெட்டு மாதத்துக்குள் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ ‘எப்படி இருக்கீங்க’ என்ற விசாரிப்பு. 2008இல் வந்த முடிவு: வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் தற்கொலையால் இறந்தவர்கள் 18 பேர், விசாரிக்கப்பட்டவர்களில் 2 பேர். இவர்கள் ஏற்கெனவே முயன்றவர்கள், ஓ.பி.யில் முட்டிவலிக்கு வருபவர்கள் அல்லர். அந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது. ஆனாலும் அந்த ஒன்பது விசாரிப்பும் மனநல மருத்துவர்தான் செய்ய வேண்டியவை அல்ல என்பது முக்கியம். கொஞ்சம் பயிற்சி பெற்ற, மறக்காமல் வரும் ஒருவர் போதும் என்று நினைக்கிறேன்.

அப்படி ஒருவர் அஞ்செட்டிக்கு ஏற்கெனவே இருக்கிறார். பி.பி. மாத்திரையோடு வாசலுக்கு வரும் அந்தப் பெண்தான் அவர். அவரிடம் தாளைக் கொடுத்து எல்லா வீட்டிலும் மதிப்பெண் போடச் சொன்னால், மேலே சொன்ன கணக்குப்படி இரண்டாயிரம் பெயர்களோடு திரும்பி வருவார். அதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. டாக்டரும் செவிலியரும் பேசித் தேர்ந்தெடுத்த இருபது பேரை இந்த மாதம் மூன்று தடவை பார்த்து வாருங்கள் என்று சொன்னால், அது நடக்கக்கூடிய காரியம். ஊரே பார்க்கும் வாசலில் அந்த விசாரிப்பு நடக்கக் கூடாது, பி.பி. பார்க்கும் சாக்கில் உள்ளே உட்கார்ந்து பேச வேண்டும். யாரைப் பார்க்கப் போகிறோம் என்பது ஊருக்குத் தெரியவும் கூடாது. வீட்டில் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது, அதை வேறு இடத்துக்கு மாற்ற யார் உதவுவார் என்ற கேள்வியும் அந்தப் பேச்சில் வர வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் வரும் நாளில், பட்டியலில் மேலே இருப்பவர் அவரைச் சந்தித்தாரா, பஸ் செலவுக்குப் பணமில்லாமல் நின்றுவிட்டாரா என்பதையும் அந்தப் பெண்ணால் சொல்ல முடியும்.

ஆகவே, ஒரு சுகாதார நிலையத்தில் இந்த வினாத்தாள் எப்படி வேலை செய்கிறது என்று மதிப்பிட வருபவர், எத்தனை தாள் நிரப்பினீர்கள் என்று கேட்டால் பயனில்லை. ‘ஆம்’ என்றவர்களில் எத்தனை பேரிடம் அன்றே தனியாகப் பேசினீர்கள்? எத்தனை பேரை ஒரு வாரத்துக்குள் மறுபடி பார்த்தீர்கள்? ‘இல்லை’ என்றவர்களில், முகத்தைப் பார்த்துச் சந்தேகம் வந்து எத்தனை பேரை இருக்கச் சொன்னீர்கள்? இந்த மூன்றுக்கும் பதிவேட்டில் பத்தி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதைப் படிப்பவருக்கோ அவர் வீட்டில் ஒருவருக்கோ இப்போதே பேச வேண்டியிருந்தால், ஓ.பி. நாள் வரை காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416. இலவசம், இரவும் பகலும் எடுப்பார்கள், தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் பேசலாம். தமிழ்நாடு அரசின் எண் 104. சென்னை சினேகாவின் எண் 044-24640050.